ஜாங்கிரி வவுச்சர்

ஆவணிக் கடைசியில் ஒரு ராத்திரி புரோக்கர் தம்பி வாட்ஸ்அப்பில் ஆறு போட்டோ அனுப்பினான். கூடவே இரண்டு வரி. "அண்ணா, பிஎம்டபிள்யூ 520டி, 2012, வெள்ளை. 98 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. எட்டேகால் சொல்றாங்க, பேசிக்கலாம்." எல்லாப் போட்டோவிலும் நம்பர் பிளேட்டைக் கட்டை விரலால் மறைத்திருந்தான். நான்காவதில் விரல் நழுவியிருந்தது.

டிஎன் 39. அதற்கு அடுத்த எழுத்தையும் நான்கு எண்களையும் பார்த்ததும் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நம்பரை நான் எத்தனை வவுச்சரில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

2009இலிருந்து 2017 வரை திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். ஜிஎஸ்டி வந்த பிறகுதான் வெளியே வந்து, ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் வைத்தேன். 2012 ஆகஸ்டில் முதலாளி இந்தக் காரை எடுத்தார். மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, போர்டிகோவில் நிறுத்தினார்கள். செக்கிங் பெண்கள்கூட ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெர்மன் கார், ஜெர்மன் கார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, நான் மட்டும் இன்வாய்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் என்பது பேருக்குத்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007இலிருந்து அவர்களுக்கு ஆலை இருக்கிறது, இந்த 5 சீரிஸ் அங்கே கோர்த்து வெளியே வந்ததுதான்.

அடுத்த ஐந்து வருடம் அந்தக் காரின் டீசல், சர்வீஸ், இன்சூரன்ஸ், டோல் ரசீது எல்லாம் என் மேஜை வழியாகப் போயிற்று. ஒருமுறைகூட அதில் நான் உட்கார்ந்ததில்லை. 2014இல் பெருமாநல்லூர் ரோட்டில் குறுக்கே வந்த நாயில் மோதி ஒரு பக்க ஹெட்லைட் போனது. புது விளக்கு 1,08,000 ரூபாய். அப்போது என் மாதச் சம்பளம் 18,000. ஆறால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் வவுச்சரை உள்ளே அனுப்பினேன்.

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ யோசித்து முடிவெடுக்கிறவன் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. அந்த நம்பரைப் பார்த்த நிமிடமே காரை வாங்கிவிட்டேன். அப்புறம் மூன்று மாதம் நான் செய்ததெல்லாம் வாங்காமல் இருப்பதற்கான வேலை.

முதலில் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயரில் கார் எடுத்தால் வருமான வரிக் கணக்கில் வருடா வருடம் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். வாங்கிய விலையில் அல்ல, ஒவ்வொரு வருடமும் மிச்சம் இருக்கும் மதிப்பில். பழைய முதலாளியின் கணக்கை வெளியே சொல்லக் கூடாது, அதனால் ரோட்டுக்கு வந்த விலையை உருட்டி 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மார்ச் 31க்கு அது நாற்பத்திரண்டரை. அதற்கடுத்த மார்ச்சில் முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம். நாலரை வருடம்கூட ஆவதற்குள் பாதி போய்விடும். முதலாளி 2018இல் காரை விற்றுவிட்டார், நானும் அதற்கு முன்பே கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். ஆனாலும் மனசுக்குள் அந்தக் கணக்கை மூடவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். பதின்மூன்று முறை 0.85ஆல் பெருக்கினால் 2025 மார்ச் 31 அன்று இந்தக் காரின் மதிப்பு 6,04,527 ரூபாய்.

புரோக்கர் சொன்னது எட்டேகால். வருமான வரிச் சட்டம் எழுதியவர் யாரோ, சந்தையை ஓரளவு கண்ணில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

புரோக்கர் தம்பிக்கு நான் பழக்கமானது போன வருடம். எங்கள் வீட்டு டிசையர் எட்டு வருடத்தைத் தாண்டியபோது, கைவசம் இருக்கும் பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குப் புதுக் கார் எடுப்பதா, பழைய பெரிய கார் எடுப்பதா என்ற பேச்சை ஆரம்பித்தேன். ஆரம்பித்தது நான் மட்டும்தான், வீட்டில் வேறு யாரும் அதில் கலந்துகொள்ளவில்லை.

அவன் முதலில் காட்டியதெல்லாம் டில்லி வண்டிகள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டில்லியில் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திய பிறகு, அங்கே கைவிட்ட பெரிய டீசல் கார்களெல்லாம் தெற்கே இறங்க ஆரம்பித்தன. விலையைப் பார்த்தால் மயக்கமே வரும். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, வாங்க வேண்டும், இங்கே ஆயுட்கால வரியை மறுபடி கட்ட வேண்டும், புது நம்பர் வாங்க வேண்டும். டில்லியில் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு ஆளைத் தனியாக அனுப்ப வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் மயக்கம் தெளிந்துவிடுகிறது. அந்த நம்பரோடு அப்படியே ஓட்டிக்கொள்ளலாம் என்பார்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓடினால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கணக்கெழுதிப் பிழைக்கிறவன் போலீஸ்காரரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போக முடியாது.

அப்புறம் ஒரு சென்னை வண்டி வந்தது, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கறுப்பு, பளபள. உள்ளே ஏறியதும் ஊதுபத்தியும் லெதர் பாலிஷும் கலந்து ஒரு வாசம். என் மெக்கானிக் அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். சாதாரணமாக நாம் இடுப்புக்குக் கட்டுகிற அளவு வரை பெல்ட் கறுப்பாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, சுருளுக்குள் எப்போதும் கிடக்கும் கடைசி ஒன்றரை அடியில், காப்பித் தூள் நிறத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பெல்ட் விறைத்துப் போய், நகத்தால் சுரண்டினால் வண்டல் உதிர்ந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்து வரை நின்ற வண்டி. சீட்டைக் கழற்றிக் கழுவலாம், கார்ப்பெட்டை மாற்றலாம், பெல்ட்டின் கடைசி ஒன்றரை அடியை யாரும் கழுவுவதில்லை. அண்ணன் பெல்ட்டை விட்டார், அது சர்ரென்று உள்ளே போய்விட்டது. "டீ சாப்பிடலாமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இந்த மெக்கானிக் அண்ணன் பெரிய கார் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு, அவிநாசி ரோட்டில் தனியாக ஷெட் போட்டிருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு தடவைக்கு 3,000 ரூபாய். என் பணத்தில் நான் உருப்படியாகச் செலவழித்தது அதுதான்.

520டியைப் பார்க்கப் போனது புரட்டாசி முதல் வாரம், காலை ஆறரை மணி. முந்தின நாளே சொல்லிவைத்திருந்தோம்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, என்ஜின் குளிர்ந்து கிடக்க வேண்டும். வாசலில் இறங்கியதும் அண்ணன் யாருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சூடு.

"இல்லீங், ராத்திரி வெளிய போய்ட்டு வந்தது" என்றார் சொந்தக்காரர். அவர் நல்ல மனிதர்தான். இருபது மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்துகிறார். அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்ட் கடைசியில் 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து மேலே உள்ள கம்பெனிகளுக்கு ஆர்டர் நின்று, அவருக்கு ஜாப் ஒர்க் நின்று, பாதி மிஷின் துணி போர்த்திக் கிடந்தது. 2021இல் பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கினாராம். "வாங்கும்போது 61 ஆயிரம்தானுங்க ஓடியிருந்தது. சும்மா சொல்லலைங்க, போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்." போனை எடுத்துக் காட்டினார். மீட்டரில் 61 ஆயிரத்துச் சொச்சம். இப்போது 98 ஆயிரம். நான்கு வருடத்துக்கு நியாயமான ஓட்டம்.

எனக்கு ஜாங்கிரி ஞாபகம் வந்தது.

2016இல், ரூபாய் நோட்டு செல்லாமல் போன அந்த நவம்பரில்தான், டிரைவர் அண்ணன் ஒரு நாள் மத்தியானம் என் டேபிளில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தார். கால் கிலோ ஜாங்கிரி எனக்கு, மிச்சம் ஆபீஸுக்கு. "நம்ம வண்டி இன்னைக்கு ஒரு லட்சம் தாண்டுச்சு தம்பி." முதலாளி 640 ரூபாய் பாஸ் பண்ணினார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், வாகனப் பராமரிப்பா, ஊழியர் நலனா என்று சந்தேகப்பட்டு, கடைசியில் ஊழியர் நலனில் எழுதினேன். பழைய நோட்டாகக் கொடுத்ததால் கடைக்காரர் முனகியதும் நினைவிருக்கிறது. தேதி மறக்கிற நவம்பரா அது?

2016இல் ஒரு லட்சம் தாண்டிய கார் 2021இல் 61 ஆயிரம் ஓடியிருக்கிறது.

நான் எதுவும் பேசவில்லை. அண்ணனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் லேப்டாப்பை எடுத்துவந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் வயரைச் சொருகினார். இந்த மாதிரிக் கார்களில் மீட்டரில் மட்டும் கிலோமீட்டர் இருப்பதில்லை. வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தங்கள் பங்குக்குக் குறித்துவைத்துக்கொள்ளும். மீட்டரைத் திருத்துகிறவன் எல்லாவற்றையும் திருத்த மெனக்கெடுவதில்லை. பத்து நிமிடம் கழித்து அண்ணன் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு பெட்டியில் 1,87,000க்கு மேல் இருந்தது.

சொந்தக்காரரிடம் காட்டினோம். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். நடுவில் இருந்த ஆள் யார், எந்த ஊர் ஷெட்டில் நடந்தது, எதுவும் இனித் தெரியப் போவதில்லை. புரோக்கர் தம்பி மட்டும் போனில் யாருடனோ ரொம்ப முக்கியமாகப் பேசிக்கொண்டே தெருக்கோடி வரை போய்விட்டான்.

98 ஆயிரத்துக்கும் 1,87,000க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் வெறும் எண் இல்லை. இந்தக் காரில் இருக்கும் என்ஜினுக்கு என்47 என்று பெயர். நான்கு சிலிண்டர், 1995 சிசி, 184 குதிரைத் திறன், ஓட்டுவதற்கு அருமை. ஆனால் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின், பல கார்களில் முன்பக்கம் இருப்பது, இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் தேய்ந்து, செயின் தளர்ந்து, பின்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். கவனிக்காமல் ஓட்டி அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு என்ஜினே போய்விடும். 2007இலிருந்து 2011 ஆரம்பம் வரை வந்த என்ஜின்களில்தான் இந்தப் புகார் அதிகம், நம் கார் அதற்குப் பிந்தியது. ஆனாலும் செயினைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால்கூட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்தச் சத்தம் குளிர்ந்த என்ஜினில் முதல் சில வினாடிகளில்தான் நன்றாகக் கேட்கும். அதற்குத்தான் ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று கெஞ்சினோம்.

தென் கொரியாவில் 2018 கோடையில் இந்த 520டிகள் வரிசையாகத் தீப்பிடித்தன. புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் கூலரில் கசிவுதான் காரணம் என்றார்கள். சோதனை முடிக்காத கார்கள் ரோட்டுக்கே வரக் கூடாது என்று அந்த நாட்டு அரசாங்கம் ஆகஸ்டில் உத்தரவு போட்டது. இதை நான் அண்ணனிடம் பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரிச் சொன்னேன். "அதெல்லாம் பாத்துட்டேனுங்க, கூலர் காஞ்சுதான் கெடக்குது, கசிவில்ல" என்றார். நான் கூகுளில் ராத்திரி இரண்டு மணி வரை படித்ததை அவர் டார்ச் லைட்டில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

கார் கூடவே ஒரு பைல் கொடுத்திருந்தார்கள். அதைப் படிப்பதற்குத்தான் நான் பிறந்தேன். 2017 வரை ஒவ்வொரு பில்லும் இருந்தது. மூலையில் சிவப்பு மையில் வவுச்சர் எண், என் கையெழுத்து. ஒரிஜினல் பில்லையெல்லாம் காரோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்குப் பின்னால் வந்த அக்கவுண்டன்ட் யாராக இருந்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம். 2018இலிருந்து 2021 வரை ஒன்றும் இல்லை, ஒரு தாள்கூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கிட்டத்தட்டத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் காணாமல் போயிருக்கிறது. 2021க்கு அப்புறம் வெளி ஷெட் பில்கள், எல்லாமே ஆயில், ஆயில் ஃபில்டர். செயின் மாற்றியதற்கு பில் இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கும் இல்லை. அந்த ஆயில் வாழ்நாள் முழுக்க வரும் என்று கார் கம்பெனி சொல்லும். அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியோ 80,000இலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய வாழ்நாள் என்பதை இரண்டு பேரும் எழுதவில்லை.

டயர்களைக் குனிந்து பார்த்தேன். நான்கு சக்கரம், மூன்று கம்பெனி. காசு தட்டுப்பாடு வந்த வீட்டில் எது முதலில் தெரியும் என்றால் இதுதான் தெரியும். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் போட்டுத்தான் கம்பெனி கொடுக்கும், அதனால் ஸ்டெப்னி கிடையாது. இதில் இரண்டு சாதா டயர், ஸ்டெப்னியும் இல்லை. தாராபுரம் ரோட்டில் ராத்திரி பஞ்சரானால் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஷெட்டுக்குத் திரும்பி வந்து அண்ணன் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். செயினும் அதைச் சேர்ந்த சாமான்களும், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியோடு, 1,40,000. கியர்பாக்ஸ் ஆயில் 42,000. ஆயிலுக்கு எதற்கு இவ்வளவு என்றேன். ஃபில்டர் தனியாக வராதாம், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே இருக்குமாம், தட்டையே மாற்ற வேண்டும். நான்கு டயர் 84,000. முன்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்ம், புஷ் எல்லாம் 55,000. பேட்டரி 24,000. அது டிக்கியில் இருக்கிறது. மாற்றிவிட்டுச் சும்மா மூடிவிட முடியாது, புது பேட்டரி வந்திருக்கிறது என்று லேப்டாப் வைத்துக் காருக்குச் சொல்ல வேண்டும். ஆகமொத்தம் 3,45,000. "இது போட்டா வண்டி நிக்குமுங்க. அதுக்கப்புறம் என்ன வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

எட்டேகாலோடு மூன்றரையைக் கூட்டினால் பதினொன்றே முக்கால். இன்சூரன்ஸ் தனி. 1500 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 7,897 ரூபாய். இந்த வயசுக் காருக்குத் தேய்மானம் கழிக்காமல் முழுக் காசும் தரும் பாலிசி போட யாரும் முன்வருவதில்லை. மோதினால் பாதிக் காசு நம் கையிலிருந்துதான் போகும். 2027 ஆகஸ்டில் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, மறுபதிவுக் கட்டணம் 5,000 கட்டினால் இன்னும் ஐந்து வருடம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பதின்மூன்று வருடமாக நான் 50 லட்சத்தைத் தேய்த்து ஆறு லட்சமாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஹெட்லைட்டின் விலையை நான் தேய்க்கவில்லை. இன்றைக்கு அது உடைந்தாலும் 50 லட்ச ரூபாய்க் காரின் ஹெட்லைட்தான். தேய்மானம் காருக்குத்தான், காரின் பில்லுக்கு இல்லை. இதே தப்பை என்னிடம் வருகிற வாடிக்கையாளர் செய்தால் அரை மணி நேரம் கிளாஸ் எடுப்பேன்.

வீட்டில் எக்செல் ஷீட்டைக் காட்டினேன். மனைவி மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "ஏனுங்க, இத்தனையும் போட்டுட்டு இதுல போய் எங்க எறங்குவீங்க?" என்றாள். புரியவில்லை. "ஜிஎஸ்டி ஆபீஸ்ல எறங்குவீங்களா? கிளையன்ட் வீட்டு முன்னாடி எறங்குவீங்களா? ரிட்டர்னுக்கு ஆயிரத்தைந்நூறு வாங்கறவரு பிஎம்டபிள்யூல வந்தா, அடுத்த மாசம் எழுநூத்தைம்பது குடுப்பாங்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஷீட்டில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. அம்மா சமையலறையிலிருந்தே, "வெள்ளை வண்டியா கண்ணு? வெள்ளை வேண்டாம்" என்று சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். இப்போது காங்கேயம் ரோட்டில் ஒரு ஸ்கூலுக்கு வேன் ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்த வண்டி இன்னும் இருக்குதா தம்பி?" ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் என்றதும், "ஓடட்டுமே" என்றார். மீட்டரைத் திருத்தியதைச் சொன்னதும்தான் முகம் மாறிற்று. "நான் ஓட்டுனதையா கொறைச்சாங்க?"

சொந்தக்காரரிடம் சாவி வாங்கி, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். முதல் வருடம் முதலாளி அப்படித்தான் ஏறச் சொல்வாராம், பழக்கம் போகவில்லை. உட்கார்ந்தார். அவர் குள்ளம். கால் பெடலுக்கு எட்டவில்லை. கை தானாகக் கீழே போய் இருக்கையின் பக்கவாட்டில் எதையோ அழுத்தியது. அங்கே ஒன்று, இரண்டு என்று நினைவில் வைக்கும் பட்டன்கள். இரண்டை அழுத்திப் பிடித்தார். சீட் மெதுவாக முன்னால் வந்தது, பிறகு கொஞ்சம் மேலே ஏறியது, கண்ணாடி இரண்டும் கீழே சாய்ந்தன. அவர் காலுக்குச் சரியாக நின்றது.

"ரெண்டை யாரும் தொடலையாட்டத் தெரியுது" என்றார்.

பெருமாநல்லூர் தாண்டி, செங்கப்பள்ளி வரை ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன், முதலாளி உட்காரும் இடது பக்கம். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை. கண்ணாடியை ஏற்றினால் வெளியே லாரி போவது படமாக மட்டும் தெரிகிறது. நூறில் போகிறோமா அறுபதில் போகிறோமா என்று உடம்புக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் நான் நியாயமாக எழுத வேண்டும்: இன்றைக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு வரும் எந்தப் புதுக் காரிலும் இந்த அமைதி கிடையாது. பெரிய திரை இருக்கும், மேலே கண்ணாடிக் கூரை இருக்கும், இது இருக்காது. விஜயமங்கலம் டோலுக்கு முன்னாலேயே திருப்பினார். திரும்பி வரும்போது வேகம் குறைத்தபோது ஒரு தடவை லேசாக உதறியது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மூணுலருந்து ரெண்டுக்கு எறங்கும்போது. அப்ப இது இல்ல தம்பி." அடுத்த சிக்னலில் வேண்டுமென்றே இன்னொரு தடவை காட்டினார். செயின் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அது ஒன்றும் இல்லை போலத்தான் இருக்கிறது என்றார், கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் உடனே மாற்றச் சொன்னார். இறங்கும்போது சீட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

அன்றைக்கே விலை சொல்லிவிட்டேன். 6,04,527 ரூபாய்.

பவர் டேபிள்காரர் சிரித்தார். "அதென்னங்க இருபத்தேழு ரூபா?" விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார், பொறுமையாக. பிறகு, "எனக்கு ஏழரைக்கு கொறைஞ்சா கட்டாதுங்க, பன்னெண்டு குடுத்தவன்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். மீட்டரை அவர் திருத்தவில்லை. ஆனால் 2018க்கும் 2021க்கும் நடுவில் நடந்ததற்கு யாராவது ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும், அது நானாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புரோக்கர் தம்பி நடுவில் புகுந்து, ஏழு போட்டு, அதில் மூன்றைக் கேஷாகக் கொடுத்துவிடுங்கள் என்று காதோடு சொன்னான். ஒரே விஷயத்துக்கு இரண்டு லட்சம், அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று 2017இலிருந்து சட்டம் இருக்கிறதே தம்பி என்றேன். இவரிடம் எதற்குடா பேசினோம் என்ற மாதிரிப் பார்த்தான்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸுமாகச் சேர்த்து ஐம்பதை ஒட்டி இருந்த வரி, 2025 செப்டம்பர் 22இலிருந்து செஸ் போய் 40 சதவீதம் ஆகிவிட்டது. புதுசு இறங்கினால் பழசு நிற்குமா? புரோக்கர் தம்பி கையிலிருந்த பெரிய கார்கள் எல்லாமே ஐப்பசியில் ஒரு படி இறங்கின. இந்தக் காருக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார், பார்த்தார், 98 ஆயிரம் என்பதை நம்பி ஏழே முக்கால் வரைக்கும் போனார். சொந்தக்காரர் அவரிடம் மீட்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அவர் போய்விட்டார். இதைக் கேட்டபோது, பத்தாயிரம் சேர்த்துக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

நேற்று புரோக்கர் தம்பி மறுபடி மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, ஆறே முக்காலுக்கு முடிச்சுத் தர்றேன். கடைசி."

மார்ச் 31க்கு இன்னும் நான்கு மாதம்கூட இல்லை, அதற்குப் பிறகு என் கணக்கில் அது 5,13,848 என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. இன்னும் பதில் வரவில்லை.